இந்தப் பாராவுல வில்லன் யாரு?

சனிக்கிழமை மாதிரித் தேர்வில் முதல் ஆளாக எழுந்து தாளைக் கொடுப்பவள் நான்தான். பெஞ்சு நகரும் சத்தம் கேட்டதும், "களமருதூரு முடிச்சிட்டாடி" என்று பின்வரிசையில் யாராவது முணுமுணுப்பார்கள். அது எனக்குப் பிடிக்கும். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து, மற்றவர்கள் பேனாவைக் கடிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். திங்கட்கிழமை தாள் திரும்பி வரும்போதுதான் முகம் தொங்கும். பொது அறிவு, கணக்கு எல்லாவற்றிலும் நன்றாக வாங்கியிருப்பேன். ஆங்கிலத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேள்வி கேட்பார்களே, அந்தப் பகுதியில் மட்டும் வகுப்பின் அடிமட்டத்தில் கிடப்பேன்.

களமருதூர் என் பெயர் இல்லை, ஊர். கள்ளக்குறிச்சியில் நாங்கள் தங்கிப் படித்த அரசு மாணவியர் விடுதியில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒரே பெயரில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருத்தியைக் கூப்பிட்டால் எல்லோரும் திரும்புவார்கள். அதனால் யார் ஆரம்பித்தார்களோ, ஊர்ப் பெயரே ஆளின் பெயராகிவிட்டது. என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் வெள்ளிமலை. கல்வராயன் மலையிலிருந்து வந்தவள், என் வகுப்பு. அதற்கு அடுத்த கட்டில் திருநாவலூரு, வணிகவியல் பிரிவு. "திருநாவலூரு குளிச்சிட்டாளா?", "வெள்ளிமலை எங்கடி போச்சு?" என்றெல்லாம் நாங்கள் பேசுவதைக் கேட்டு, புதிதாக வந்த சமையல்கார அக்கா முதல் வாரம் திகைத்துப் போயிருந்தார்.

நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தங்கவைத்து இலவசமாகப் பயிற்சி கொடுக்கும் திட்டம் ஒன்று இருந்தது. அதில் சேர ஆண்டுக் கடைசியில் ஒரு தேர்வு. அந்தத் தேர்வில் ஆங்கிலப் பத்திகளுக்குத்தான் எடை அதிகம். எங்கள் பள்ளியிலிருந்து முயற்சி செய்தவர்களில் நானும் வெள்ளிமலையும் உண்டு.

எனக்குச் சட்டம்தான் வேண்டும். ஒன்பதாவது படிக்கும்போது பள்ளியிலிருந்து நீதிமன்றத்துக்கு அழைத்துப் போனார்கள். ஒரு பெண் வழக்கறிஞர் மெல்லிய குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கூண்டில் நின்றவர் அதுவரை சொன்னதையெல்லாம் மாற்றிச் சொல்லத் தொடங்கினார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கூலி வேலை. நெல் நடவு, அறுப்பு, கரும்பு வெட்டு என்று எது கிடைக்கிறதோ அது. "படி, வாணாங்கல. ஆனா செலவில்லாம சேத்துக்கினா போ. இல்லன்னா பக்கத்துல எந்தக் காலேஜு கெடைக்குதோ அதுல சேந்துக்கோ" என்றார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தத் தேர்வில் பெயர் வந்தால் சட்டம், வராவிட்டால் பக்கத்தில் கிடைக்கிற ஏதோ ஒன்று. அவ்வளவுதான் கணக்கு.

என் வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொடக்கப் பள்ளியில் படிப்பது என்றால் சேர்ந்து கத்துவது. டீச்சர் ஒரு வரி சொல்வார், நாங்கள் நாற்பது பேரும் கூரை அதிர அதையே சொல்வோம். எனக்குக் குரலும் பெரிது, வாயும் வேகம். உயர்நிலைப் பள்ளியில் பத்தியைப் படித்து விடை எழுதும் பகுதி வந்தது. அதற்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்கள். கேள்வியில் பெரிய வார்த்தையாக ஒன்றைப் பிடி. பத்தியில் அது எங்கே இருக்கிறது என்று தேடு. கிடைத்ததும் அந்த வாக்கியத்தை முழுசாக எடுத்து எழுது. முழு மதிப்பெண். பத்தி எதைப் பற்றியது என்று தெரியாமலே முழு மதிப்பெண் வாங்கலாம். நான் பத்தாம் வகுப்பு வரை அப்படித்தான் வாங்கினேன். கூட்டத்தில் தொலைந்த செருப்பைத் தேடுவது போல ஒரு வேலை அது. அதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

சட்டத் தேர்வுக்குக் கேள்வி தயாரிப்பவர்களுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரிந்திருக்கிறது. நாலு விடை கொடுக்கிறார்கள். பத்தியில் இருக்கிற வார்த்தைகளை அப்படியே தூக்கித் தப்பான விடையில் வைக்கிறார்கள். சரியான விடையில் பத்தியின் வார்த்தை ஒன்றுகூட இருக்காது. செருப்பு தேடுகிறவளுக்கு முன்னால் பத்து ஜோடியைப் போட்டுவைத்த மாதிரி.

ஒரு சனிக்கிழமை வந்த பத்தி இது. ஆற்றில் படகு ஓட்டும் ஒருவர். அந்த ஆற்றின் மேல் பாலம் வேண்டுமா என்று ஊரில் கூட்டம் போட்டுக் கேட்கிறார்கள். பாலம் வந்தால் அவர் பிழைப்பு போய்விடும். ஆனால் அவர்தான் முதலில் கையைத் தூக்குகிறார். ஏன் தூக்கினார் என்பது கேள்வி. "மழைக்காலத்தில் ஆறு வேகமாக ஓடும்" என்ற விடையைக் குறித்துவிட்டு நான் வெளியே போய்விட்டேன். அந்த வரி பத்தியில் எழுத்து பிசகாமல் இருந்தது. பிறகு எப்படி அது தப்பாகும்?

திங்கட்கிழமை ஆங்கில ஆசிரியரிடம் போய் அதைத்தான் கேட்டேன். "சார், இந்த லைன் அப்படியே கீது சார்."

அவர் பத்தியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். "பாக்காம சொல்லு. வெள்ளம் வந்தப்ப அந்தப் படகுக்காரரு கரையில யார்கூட நின்னுக்கினு இருந்தாரு?"

"எந்தக் கரை சார்?"

வகுப்பே சிரித்தது. அவர் கையை எடுத்துவிட்டு, "அடுத்த ஆளு வா" என்றார். அதோடு சரி. நான் இடத்துக்கு வந்து பத்தியைத் திரும்பப் படித்தேன். உடம்பு சரியில்லாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா அக்கரைக்குப் போக வந்திருக்கிறாள். வெள்ளம். படகை இறக்க முடியவில்லை. விடிகிற வரை படகுக்காரர் அவளோடு கரையில் நின்றுகொண்டிருந்தார். அவர் பாலத்துக்குக் கையைத் தூக்கியது அந்த இரவால்தான். அதைச் சொன்ன இரண்டு வரியை நான் கண்ணால் தாண்டிப் போயிருக்கிறேன். என்ன ஆச்சு என்று அது எனக்குள் இறங்கவே இல்லை.

வெள்ளிமலையின் கதை நேர் எதிர். அவள் ஒவ்வொரு வார்த்தையையும் படிப்பாள். படித்துவிட்டு எழுதியவரோடு சண்டைக்குப் போவாள். அதே மாதம் மலைவாழ் மக்களைப் பற்றி ஒரு பத்தி வந்தது. மலை மக்கள் தனிமையை விரும்புகிறவர்கள், அதனால் சமவெளிக்கு அரிதாகவே இறங்கி வருகிறார்கள் என்று எழுதியிருந்தது. ஏன் அரிதாக இறங்குகிறார்கள் என்று கேள்வி. வெள்ளிமலை, "பேருந்து வசதி குறைவு" என்ற விடையைக் குறித்திருந்தாள்.

"இதுல பஸ்ஸப் பத்தி எங்கம்மா கீது?" என்று சார் கேட்டார்.

"இதுல இல்ல சார். ஆனா அதான் சார் நெசம்."

"பாராவுல இன்னா இருக்குதோ அதான்மா ஆன்சரு."

"சார், எங்க ஆளுங்க யாரு சார் தனியா இருக்கணும்னு சொன்னது? சந்தைக்கு ஜீப்புல இடமில்லாம பின்னாடி தொங்கிக்கினு வரோம். இதை எழுதனவரு வெள்ளிமலைக்கு வந்தாரா சார்?"

"அவரு வரல. நீ மார்க்க விட்டுட்ட."

அவள் உட்கார்ந்தாள். என் பக்கம் சாய்ந்து, "தப்பா எழுதனது அவன், மார்க்கு போறது எனக்கா?" என்றாள். அன்று இரவுச் சாப்பாடு வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் வழி தேடத் தொடங்கினேன். சும்மா உட்கார எனக்கு வராது. முதலில் அகராதி. தெரியாத ஒவ்வொரு வார்த்தைக்கும் மேலே பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதினேன். பத்தி முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி ஆனது. எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் தெரிந்த பிறகும் பத்திக்கு அர்த்தம் தெரியவில்லை. அப்புறம் சத்தம் போட்டுப் படித்தேன். பக்கத்து அறையிலிருந்து, "யாருடி அது, மைக்கு இல்லாத கொறதான்" என்று குரல் வந்தது. செல்போனில் பார்த்த ஒரு வீடியோவில் ஒருவர், முதலில் கேள்விகளைப் படி, பிறகு பத்திக்குப் போ என்று சொன்னார். செய்து பார்த்தேன். கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு தேடும்போது செருப்பு தேடும் பழக்கம் இன்னும் முற்றியது. அந்த வாரம் முன்பு வாங்கியதைவிடவும் கீழே போனேன்.

வழி கிடைத்தது விடுதியின் துணி துவைக்கும் இடத்தில், திருநாவலூரின் வாயிலிருந்து.

எங்கள் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. சனி ஞாயிறு ஊருக்குப் போய் வந்தவர்கள், போகாமல் இங்கேயே துணி துவைத்துக் கிடந்தவர்களுக்கு ஒரு படத்தின் கதை சொல்ல வேண்டும். ஊரில் டிவியில் பார்த்ததோ, தியேட்டரில் பார்த்ததோ, எதுவானாலும் சரி. ஞாயிறு சாயங்காலம் துவைக்கிற கல்லைச் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். திருநாவலூரு சொன்னால் தியேட்டரே தேவையில்லை. பின்னணி இசையை வாயாலேயே போடுவாள். சண்டைக் காட்சியில் வாளியை உதைப்பாள். உளுந்தூர்பேட்டையில் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தால்கூட, "மொதல்ல கதய சொல்லிட்டு சோறு தின்னு" என்று இழுத்து உட்காரவைப்போம்.

ஒரு ஞாயிறு அவள் படமே பார்க்காமல் கதை விட்டாள். ஊரில் கரண்ட் இல்லையாம். வெறுங்கையோடு வர மனசில்லாமல், வரும் வழியில் பஸ்ஸிலேயே ஒரு படத்தை உண்டாக்கிவிட்டாள். பாதிக் கதையில் வெள்ளிமலை கையைத் தூக்கினாள்.

"நில்லுடி. மொதல்ல ஹீரோவுக்கு அம்மா செத்துப் போச்சுன்ன. இப்ப யாரு சோறு போடறது?"

"அது... பெரியம்மா."

"பெரியம்மா எப்ப வந்தா?"

"இண்டர்வெலுக்கு முன்னாடியே வந்துட்டா, நீ கவனிக்கல."

"நான் கவனிக்கலியா? நீ படம் பாக்கல!"

திருநாவலூரு ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்டோம். அந்த மாமா எதற்குப் பணக்காரர் வீட்டுக்குப் போனார், வண்டி யாருடையது, ஊரில் மழை பெய்தால் அவன் சட்டை ஏன் நனையவில்லை. நானும் கேட்டேன். நிறையக் கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. காதால் ஒரே முறை கேட்ட கதையில், யார் எங்கே எதற்கு நின்றார்கள் என்று எனக்குத் துல்லியமாகத் தெரிகிறது. பொய் எங்கே நுழைந்தது என்றுகூடத் தெரிகிறது. கண்ணால் மூன்று முறை படித்த பத்தியில், "எந்தக் கரை சார்?" என்கிறேன். மூளை அதே மூளைதான். ஒன்றில் எனக்கு ஆட்கள் தெரிகிறார்கள். இன்னொன்றில் வார்த்தை மட்டும் தெரிகிறது.

அடுத்த ஞாயிறு நான் ஊருக்குப் போகவில்லை. ஆனாலும், "இன்னிக்கு நான் ஒரு படம் சொல்றேன்" என்றேன். கையில் அந்தத் திங்கட்கிழமை திரும்பி வந்த தாளின் பத்தி. ஒரு கட்டுரை. ஆறு கேள்விக்கு ஐந்தைத் தப்பாக எழுதியிருந்தேன். தாளை மடித்து வைத்துவிட்டு வாயால் சொன்னேன்.

"ஒருத்தரு. சீக்கிரமா எழுந்துக்கறது ஒடம்புக்கு நல்லது, சீக்கிரம் எழுந்துக்கறவன்தான் வாழ்க்கையில முன்னுக்கு வருவான்னு சொல்றாரு. அப்பறம் ஒரு சேவல் வருது."

"சேவல் எதுக்குடி வருது?" என்றாள் திருநாவலூரு.

"அது ஊருக்கே முன்னாடி எழுந்துக்குமாம்."

"சரி."

"ஒருநாளு குழம்புல கெடக்குதாம்."

வெள்ளிமலை சோப்பைக் கல்லில் வைத்தாள். "அப்ப சீக்கிரம் எழுந்தா முன்னுக்கு வரலாம்னு அவரு எங்க சொல்றாரு? எழுந்தா குழம்புதாண்டி!"

"ஆனா மொதல் லைன்ல சொல்றாரே, நல்லதுன்னு."

"கிண்டல் பண்றாருடி லூசு" என்றாள் திருநாவலூரு. "சரி, இந்தப் படத்துல வில்லன் யாரு? சேவலா?"

"சேவல் பாவம்."

"அப்ப யாரு? வில்லன் இல்லாம இன்னாடி படம்?"

நான் யோசித்தேன். உண்மையிலேயே யோசித்தேன். "சீக்கிரம் எழுந்திரி, எழுந்திரின்னு சொல்றாங்களே எல்லாரும்... அவங்கதான்."

"வார்டன்!" என்று நாலைந்து குரல் ஒரே நேரத்தில். சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. வார்டன் அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா சத்தம் அங்க?" என்றதும் இன்னும் கூடிப்போனது.

அறைக்குப் போய்த் தாளைப் பிரித்தேன். "எல்லோரும் சொல்கிறார்கள்" என்று பொருள்படத்தான் முதல் வரியே தொடங்கியிருந்தது. எல்லோரும் சொல்கிறார்கள். அவர் சொல்லவில்லை. அது எதிராளியின் வசனம். எதிராளியை முதலில் பேசவிட்டு, அப்புறம் சேவலை விட்டு அவரை அடிக்கிறார். நான் எதிராளியின் வசனத்தை எடுத்து எழுத்தாளரின் கருத்து என்று குறித்து, தப்பு வாங்கி, வெளியே போய் மரத்தடியில் பெருமையாக உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து எந்தப் பத்தியைப் பார்த்தாலும் முதலில் வில்லனைத் தேடினேன். கதையில் வில்லன் ஆளாக இருப்பான். கட்டுரையில் வில்லன் ஒரு எண்ணம். இந்த மனுஷர் யாரோடு சண்டை போடுகிறார், எதை உடைக்கப் பார்க்கிறார் என்று கேட்டால் பாதிப் பத்தி திறந்துகொள்ளும். நிலத்தடி நீரைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. வறட்சிதான் வில்லன் என்றேன். திருநாவலூரு கதையைக் கேட்டுவிட்டு, "வறட்சி எங்கடி அடிச்சுது? போர் போட்டவன்தான அடிச்சான்" என்றாள். தாளைப் பார்த்தால் அவள் சொன்னதுதான். அவளுக்கு இந்தத் தேர்வோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கணக்குப் பதிவியலில் தேறினால் போதும் அவளுக்கு. கதை நன்றாக இல்லையென்றால் எழுந்து போய்விடுவாள். அதனாலேயே நான் நன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. நன்றாகச் சொல்ல எனக்கே முதலில் புரிய வேண்டியிருந்தது.

பள்ளியில் கொடுத்த பத்திகள் தீர்ந்துபோயின. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாய் ஸ்டேஷனரிக் கடை வைத்திருந்தார். பழைய ஆங்கிலப் பேப்பர் கட்டு ஓரமாகக் கிடக்கும். கட்டுரைப் பக்கம் மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"எடுத்துக்கோங்கம்மா. இன்னா படிக்கிறீங்க?"

"லா படிக்கணும் பாய்."

"படிங்க, படிங்க. படிச்சுட்டு மொத நோட்டீஸ எங்க கடைக்கு அனுப்பிடாதீங்க."

வெள்ளிமலையின் பிரச்சினை வேறாக இருந்ததால் அவளுக்கு வில்லன் உதவவில்லை. அவளுக்குப் பெரும்பாலும் எழுத்தாளரே வில்லன். திருநாவலூருதான் அவளிடம், "படத்துல ஹீரோ அந்தாண்ட மாடியிலேர்ந்து இந்தாண்ட மாடிக்குத் தாண்டறான். நம்பறல்ல? அந்த மாதிரி ரெண்டு மணி நேரம் நம்பிட்டு வெளிய வந்து திட்டு" என்றாள். "நான் படத்துலயும் நம்பறதில்லடி" என்றாள் வெள்ளிமலை. இருந்தாலும் முயன்றாள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால், "அந்தாளு சொல்றாரு" என்று சேர்த்துப் படித்தாள். அப்படிப் படித்தால் கோபம் கொஞ்சம் கம்மியாவதாகச் சொன்னாள்.

எனக்கு இதற்குள் புதுச் சிக்கல் வந்தது. நேரம். ஒவ்வொரு பத்தியையும் படமாக ஓட்டிப் பார்த்ததில் பாதித் தேர்வுக்குள் மணி அடித்துவிட்டது. எழுதியதெல்லாம் சரி. எழுதாதது நிறைய. சார் தாளைக் கொடுக்கும்போது, "முன்னாடி பாதி தப்பு. இப்ப பாதி காலி. மொத்தத்துல அதே மார்க்கு" என்றார். தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள்தான். பயத்தில் ஒரு சனிக்கிழமை பழைய வேகத்துக்குத் திரும்பினேன். முதல் ஆளாக எழுந்தேன். வந்த மதிப்பெண்ணை வெள்ளிமலையிடம்கூடக் காட்டவில்லை.

பிறகு நிதானமாக ஒரு வழி பிடித்தேன். முழுப் படமும் வேண்டாம். பத்திக்குள் ஒவ்வொரு பாரா முடியும்போதும் ஒரு நொடி நின்று, இதுவரை என்ன ஆச்சு என்று எனக்குள் ஒரு வரி சொல்லிக்கொள்வேன். அதை ஓரத்தில் தமிழில் இரண்டே வார்த்தையாகக் கிறுக்குவேன். "எதிர்க்கட்சி பேசுது." "இங்க திரும்பறாரு." "கிண்டல்." "உதாரணம், தாண்டு." கேள்விக்கு வரும்போது பத்திக்குத் திரும்பாமல் அந்தக் கிறுக்கலைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்தது. வாராவாரம் காலி இடம் சுருங்கியது. முற்றிலும் மறையவில்லை. மறையும் வரை காத்திருக்க நாள் இல்லை.

தேர்வு கள்ளக்குறிச்சியிலேயே ஒரு பெரிய பள்ளியில் நடந்தது. சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் முதல் பத்தியின் முதல் பாராவை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. பெண்கள் ஓட்டுநராக இருப்பதைப் பற்றிய கட்டுரை. எடுத்த எடுப்பில் பெண்களுக்கு அது சரிப்படாது என்று வரிசையாகக் காரணங்கள். பழைய நானாக இருந்தால் அங்கேயே எழுத்தாளரின் கருத்தைப் பிடித்துவிட்டு அடுத்ததற்கு ஓடியிருப்பேன். ஓரத்தில், "எதிர்க்கட்சி" என்று எழுதிவிட்டு மேலே படித்தேன். மூன்றாவது பாராவில் திரும்பினார். கேள்வியில் முதல் பாராவின் வரி அப்படியே ஒரு விடையாக உட்கார்ந்திருந்தது. அதைத் தாண்டி, பத்தியின் வார்த்தை ஒன்றுகூட இல்லாத விடையைக் குறித்தேன். பல வருடப் பழக்கம், அந்த வரியை விட்டுப் போக மனசு வரவில்லை.

அதன் பிறகு வந்த பத்திகள் சுமாராகப் போயின. கடைசிப் பத்திக்கு வந்தபோது நேரம் இல்லை. ஒரு பார்வை பார்த்தேன். ஏதோ சாலை, சிக்னல் என்று தெரிந்தது. தேடிப் பிடித்து நாலு விடையைக் குருட்டாம்போக்கில் குறித்திருக்கலாம். தப்புக்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்பதால் பேனாவை மூடி வைத்தேன். மணி அடித்தது. வெளியே வந்து வெள்ளிமலையிடம், "கடைசி பாரா மொத்தமும் போச்சுடி" என்றேன். அவள் முழுவதையும் எழுதியிருந்தாள். "எனக்கும் அதுலதான் சண்டை" என்றாள். பஸ் ஸ்டாண்டு வழியாக விடுதிக்கு நடந்தோம். அன்று சாயங்காலம் திருநாவலூரு ஒரு படத்தின் கதையை ஆரம்பித்தாள். நான் கேட்கவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

கோடை விடுமுறையில் ஊரில் இருந்தபோது முடிவு வந்தது. சார் போன் செய்தார். அப்பா பேசிவிட்டு என்னிடம் நீட்டினார். "உன் பேரு வந்துருக்கும்மா. ரொம்ப மேல எல்லாம் இல்ல, ஆனா வந்துருக்குது" என்றார் சார். ஆங்கிலப் பத்தியில் விட்டது போக எழுதியதில் பெரும்பாலும் சரியாம். அப்பா, "இன்னாவாம்?" என்றார். சேர்த்துக்கொண்டார்கள் என்றேன். "செலவு?" "ஒண்ணும் இல்லியாம்ப்பா." "அப்ப சரி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். தெருவில் யாரிடமோ, "பொண்ணு வக்கீலுக்குப் படிக்கப் போவுது" என்று சொல்வது கேட்டது. நான் இன்னும் பயிற்சிக்கே போகவில்லை.

வெள்ளிமலையின் பெயர் வரவில்லை. அதையும் சார்தான் சொன்னார். கொஞ்சத்தில் போய்விட்டதாம். அவளுக்குப் போன் போட்டேன். மலையில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. மூன்றாவது முறை கிடைத்தாள்.

"தெரியும்டி, சார் சொல்லிட்டாரு. போய் ஒழுங்காப் படி" என்றாள். அழுத மாதிரித் தெரியவில்லை. கோபமாகத்தான் இருந்தாள். "அந்தக் கடைசி பாராதான் என்னக் கவுத்துடுச்சு."

"நான் அதப் படிக்கவே இல்ல. இன்னா கதை அது?"

"ஒரு ஊரு. ரோட்டுல இருந்த சிக்னலு எல்லாத்தையும் எடுத்துட்டாங்களாம். எடுத்தப்பறம் ஆக்சிடெண்ட் கம்மியாயிடுச்சாம்."

"எப்படி?"

"அதான் கேள்வி. வெளக்கு இல்லாததால ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்து ஓட்ட ஆரம்பிச்சாங்களாம். அந்தாளு சொல்றாரு."

"நீ இன்னா போட்ட?"

"ஊர்ல வண்டி கம்மியாயிடுச்சுன்னு போட்டேன்."

"ஏண்டி! அவரு சொல்றது உனக்குப் புரிஞ்சுதுல்ல?"

"புரிஞ்சுது. நம்பல. எங்க மலையில, காட் ரோட்டுல எந்தக் காலத்துலடி சிக்னலு இருந்துது? எதுர்ல வர்றவன் மூஞ்சியப் பாத்துக்கினுதான் எல்லாரும் ஓட்றான். அதுக்காக வண்டி உருளாமயா கீது?"

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. அப்புறம் அந்த ஊர் எங்கே, சிக்னலை எடுக்கச் சொன்னது யார், ஊரார் எதிர்த்தார்களா, முதல் நாள் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருந்தாள். நடுவில் ஒரு முறை லைன் கட்டாகி, திரும்பக் கூப்பிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"கடைசியில அவரு இன்னாதான் சொல்ல வராரு?" என்று கேட்டேன்.

"அது கெடக்குது. அடுத்த வருசம் நான் திரும்ப எழுதறேன்" என்றாள். "அந்தப் பேப்பர் வந்தா வாங்கி நீயே படிச்சுப் பாரு. நான் சொல்றது நெசமா, அவன் சொல்றது நெசமான்னு எனக்கு போன் பண்ணிச் சொல்லு."